துண்டுக்குள் விலை, நோட்டுக்குள் உறவு: ஆடி மாதப் பயணக் குறிப்புகள்

ஞாயிறு, மதுரை

இந்த வாரக் குறிப்புகளில் கோயில், அருவி, தங்கும் விடுதி எதுவும் பெரிதாக வராது. இரண்டு பேர் எதிரெதிரே நிற்கும்போது ஒரு துண்டும், ஒரு டம்ளரும், ஒரு ஐந்நூறு ரூபாய் நோட்டும் எப்படி வேறு ஏதோ ஒன்றாகிவிடுகின்றன என்பதுதான் பார்க்கப்போவது. பாதை: மதுரை, பொள்ளாச்சி, கீரமங்கலம், பேராவூரணி, கடைசியில் தாமிரபரணிக் கரையில் சேரன்மாதேவி. ஆடியில் கிளம்பியதற்குக் காரணம் உண்டு. அது வியாழக்கிழமை வரும்.

ஒரு பண்டத்துக்கு என்ன அர்த்தம் என்பது பண்டத்துக்குள் இல்லை, மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் புழங்குவதில்தான் உண்டாகிறது என்று சொல்லும் சமூகவியல் பிரிவு ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஹெர்பர்ட் புளூமர் 1937-ல் அதற்கு ஒரு பெயரும் வைத்தார். பெயர் கிடக்கட்டும். டீக்கடையில் நின்றால் விஷயம் புரிந்துவிடும்.

மதுரையில் நள்ளிரவிலும் டீ கிடைக்கும். புதிதாக வருபவர் மாஸ்டரிடம் மூன்று தகவல் சொல்ல வேண்டும்: ஸ்ட்ராங்கா லைட்டா, சர்க்கரை எவ்வளவு, இங்கேயா பார்சலா. “அண்ணே, ஒரு டீ, ஸ்ட்ராங்கா, சர்க்கரை கம்மியா” என்றால் போதும். வழக்கமாக வருபவர் வாயே திறப்பதில்லை. அவர் சைக்கிளை நிறுத்தும்போதே மாஸ்டர் டிகாஷன் வடிக்கத் தொடங்கிவிடுவார். கேட்காமல் வரும் அந்த டீதான் ‘நீ நம்மாளு’ என்பதற்கான ரசீது. ஒருநாள் மாஸ்டர் மறந்துபோய் “என்ன வேணும்?” என்று கேட்டுவிட்டால் அந்த மனிதர் முகம் சுருங்குவதைப் பார்க்கலாம்.

வடைத் தட்டு வெளியே இருக்கும். எடுத்துத் தின்றதை யாரும் எழுதி வைப்பதில்லை. கடைசியில் கல்லாவுக்கு வந்து “ரெண்டு டீ, மூணு வடை” என்று நாமே சொல்ல வேண்டும். முதலாளி தட்டைத் திரும்பிப் பார்க்காமல் கணக்குப் போடுவார். அவர் பார்க்காமல் இருப்பதும் ஒரு செயல்தான். பார்த்துவிட்டால் கணக்கு சரியாகவே இருந்தாலும் அவமானம்.

காசு கொடுக்கும் சண்டையில் விதி எளிது: உள்ளூர்க்காரர் ஜெயிக்க வேண்டும், அல்லது வயதில் மூத்தவர். வெளியூர்க்காரர் “நான் குடுக்கறேன்” என்று ஒருமுறை சொல்லாவிட்டால் குறை, மூன்று முறைக்கு மேல் மல்லுக்கட்டினாலும் குறை. கையை ஜேப்புக்குள் விட்டு, தடுக்கப்பட்டு, “அடுத்த தடவை என்னோடது” என்று முடிப்பதுதான் முறை. அந்தக் கடைசி வாக்கியம் அடுத்த சந்திப்புக்குப் போட்ட முடிச்சு. க்யூஆர் அட்டை வந்தபிறகு இந்தச் சண்டை பாதி செத்துவிட்டது. எதிராளி டீயை உறிஞ்சிக்கொண்டிருக்கும்போதே போனில் அனுப்பிவிடலாம், ஸ்பீக்கர் பெட்டி தொகையை ஊருக்கே அறிவித்துவிடுகிறது. வசதிதான், ஆனால் தடுக்க ஒரு வாய்ப்பில்லாமல் கொடுத்த காசில் பாதி மரியாதை குறைந்துவிடுகிறது.

டம்ளரின் இன்னொரு முகத்தையும் சொல்லாமல் விட முடியாது. தலித் மக்களுக்குத் தனிக் குவளை வைத்த இரட்டைக் குவளைக் கடைகள் தமிழ்நாட்டில் இருந்தன. 1955-ன் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படியே அது குற்றம், 1989-ல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வந்தது. பிறகு சில இடங்களில் கண்ணாடிக் குவளை ஒரு சாராருக்கு, தூக்கியெறியும் காகிதக் கோப்பை இன்னொரு சாராருக்கு என்று அதே வேலை வேறு பண்டத்தில் நடந்தது. காகிதக் கோப்பை தன்னளவில் சுத்தமானது, நல்லதும்கூட. எல்லாருக்கும் அதில் கொடுத்தால் சுகாதாரம், சிலருக்கு மட்டும் கொடுத்தால் தீண்டாமை. புது ஊர் டீக்கடையில் நின்றால் யாருக்கு எதில் டீ போகிறது என்று ஐந்து நிமிடம் கவனியுங்கள்.

திங்கள், பேருந்தில்

ஆரப்பாளையத்தில் ஏறி திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், பழனி, உடுமலை வழியாகப் பொள்ளாச்சி. கூட்டமான வண்டி. இன்று குறிப்பு சுருக்கம்.

சன்னல் வழியாக வீசிய துண்டுக்கு இருக்கையில் உரிமை உண்டு. ஆனால் அது காலவரையுள்ள உரிமை: துண்டுக்காரர் வண்டி கிளம்பும்முன் வந்து சேர வேண்டும், ஒரு துண்டுக்கு ஒரு இடம்தான். மூன்று பேர் சீட்டில் ஒரே துண்டை விரித்துப் போட்டால் யாராவது ஓரத்தை மடித்துவிட்டு உட்காருவார்கள், அதை யாரும் திருட்டு என்று சொல்வதில்லை. கர்ச்சீப் செல்லும், தண்ணீர் பாட்டில் செல்லும். செய்தித்தாள் அவ்வளவாகச் செல்லாது, யாரோ விட்டுப்போனது என்று எடுத்துப் படிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

கண்டக்டருக்கும் பயணிக்கும் நடுவே பத்துத் தலை இருந்தால் காசு கைமாறிப் போகும், டிக்கெட்டும் மீதியும் அதே கைகள் வழியாகத் திரும்பும். கொடுக்கும்போது ஊர்ப் பெயரும் எண்ணிக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: “பழனி ஒண்ணு.” நடுவில் இருப்பவர் அதை அப்படியே திருப்பிச் சொல்லிக்கொண்டே கொடுப்பார். தவறு நேர்வது பெரும்பாலும் இங்கேதான். ஊரைச் சொல்லாமல் காசை மட்டும் தள்ளினால் நடுவில் இருப்பவருக்கு அது யாருடைய காசு என்று தெரியாது. சில்லறை இல்லாவிட்டால் கண்டக்டர் டிக்கெட்டின் முதுகில் தொகையை எழுதித் தருவார். அந்தக் கிறுக்கல் வண்டியை விட்டு இறங்கும்வரை செல்லும் கடன் பத்திரம்.

ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் போகலாம். மூன்றாவது மொழி ஒன்றும் இருக்கிறது: ஓட்டுநரின் முதுகைப் பார்த்தபடி படியில் நிற்பவர் தகரத்தைத் தட்டுவது. தட்ட உரிமை யாருக்கு என்று எங்கும் எழுதவில்லை, ஆனால் முதன்முறை ஏறியவர் தட்டினால் கண்டக்டர் திரும்பிப் பார்ப்பார்.

செவ்வாய், பொள்ளாச்சி மாட்டுச் சந்தை

இங்கே செவ்வாயும் வியாழனும் சந்தை. முந்தின இரவே லாரிகள் வரத் தொடங்கும், கேரள வியாபாரிகள் பெருங்கூட்டம். எட்டு மணிக்குப் போனால் பாதி வியாபாரம் முடிந்திருக்கும், ஐந்தரைக்குள் உள்ளே இருக்க வேண்டும். செருப்பு வேண்டாம், ஷூ நல்லது. மாட்டுக்குப் பின்னால் நடக்காதீர்கள், கட்டுத்தறி ஓரமாகப் போங்கள். போட்டோ எடுக்குமுன் கேளுங்கள்.

பார்க்க வேண்டியது தரகர்களின் துண்டு. விலை வாயால் சொல்லப்படுவதில்லை. தரகர் தோள் துண்டை எடுத்துத் தன் கையின்மேல் போர்த்துகிறார், எதிராளி துண்டுக்குள் கையை விட்டு விரல்களைப் பிடிக்கிறார். ஒரு விரல் பிடித்தால் ஒன்று, இரண்டு விரல் இரண்டு, கையையே பிடித்தால் ஐந்து. ஐந்துக்கு மேல் ஊருக்கு ஊர் வேறுபாடு உண்டு. கையை ஒருமுறை முழுதாகப் பிடித்து விட்டுவிட்டு மேற்கொண்டு விரல் பிடிப்பது பரவலான வழி. ஒன்று என்றால் ஆயிரமா பத்தாயிரமா? அது விரலில் இல்லை. முன்னால் நிற்கும் மாட்டில் இருக்கிறது. கறவை மாட்டுக்கு முன்னால் நின்று நாலு விரல் பிடித்தால் நாற்பதாயிரம், சின்னக் கன்றுக்கு முன்னால் அதே நாலு விரல் நாலாயிரம். பதினைந்து வருடம் சந்தையில் நின்றவருக்கு இது குழம்பவே குழம்பாது. புதியவர் குழம்புவார், அதனால்தான் புதியவர் தரகரைத் தேடுகிறார்.

துண்டு எதற்கு என்று கேட்டால் ரகசியத்துக்கு என்பார்கள். உண்மைதான், பாதி உண்மை. பக்கத்து மாட்டுக்காரருக்கு விலை தெரிந்தால் அவரும் அதைப் பிடித்துக்கொள்வார், வாங்குபவருக்கு அடுத்த பேரம் கெட்டுவிடும். ஆனால் துண்டு செய்யும் பெரிய வேலை வேறு. வாயால் “இருபதாயிரம்” என்று சொல்லிவிட்டால் அது நாலு பேர் காதில் விழுந்த பேச்சு. கேட்டவர் சிரித்தால் சொன்னவருக்கு அவமானம், விலையை மாற்றினால் சொல் மாறிய ஆள். துண்டுக்குள் கேட்ட குறைந்த விலை வெளியே வருவதேயில்லை. தரகர் கையை உதறிவிட்டு மாட்டின் முதுகில் ஒரு தட்டு தட்டுவார், அவ்வளவுதான், கேட்கவே கேட்காத மாதிரி மறுபடி தொடங்கலாம். மதிப்பைக் கெடுக்காமல் மறுக்க ஒரு மறைவிடம் அது. தரகர் ஒரு பக்கம் விற்பவர் கையையும் இன்னொரு பக்கம் வாங்குபவர் கையையும் பிடித்து இரண்டு விலைகளைத் தன் தலைக்குள் மட்டும் வைத்துக்கொள்கிறார். இடைவெளி நெருங்கியதும் இருவர் கையையும் இழுத்துச் சேர்த்து வைப்பார். “விடு, விடு, மேல ஐநூறு பாக்காத.” அந்தக் கைச்சேர்க்கை விழுந்துவிட்டால் பின்வாங்கக் கூடாது.

வாயால் பேசுவது விலையைத் தவிர மற்ற எல்லாவற்றையும். பல்லைப் பிடித்துப் பார்த்து வயது சொல்வார்கள். கீழ்த்தாடை முன்வரிசையில் இரண்டு நிலைப்பல் முளைத்திருந்தால் இரண்டு வயதுக்கு மேல், எட்டும் சேர்ந்துவிட்டால் நாலு வயது தாண்டியது. மேல்தாடையில் முன்பல் கிடையாது, தேட வேண்டாம். பிறகு சுழி. முதுகில், நெற்றியில், வாலடியில் மயிர் சுழித்திருக்கும் இடத்தை வைத்து நல்ல சுழி, கெட்ட சுழி. சுழி பாலைக் கூட்டாது, குறைக்காது. ஆனால் ‘இந்தச் சுழி ஆகாதுங்க’ என்ற ஒரு வாக்கியம், மாட்டையோ அதன் சொந்தக்காரரையோ குறை சொல்லாமல் விலையைக் குறைக்க உதவுகிறது. விற்பவர் பதிலுக்கு, “எங்க ஊட்டுல மூணு ஈத்து ஈனியிருக்குதுங்க, ஒண்ணும் ஆகலீங்க” என்பார். இரண்டு பேருக்கும் தெரியும், பேச்சு சுழியைப் பற்றியதல்ல.

அச்சாரம் கைமாறிய பிறகும் மாடு விற்றதாக ஆகாது. கயிறு மாற வேண்டும். விற்பவர் பல ஊர்களில் தன் கயிற்றைக் கொடுக்க மாட்டார், அவிழ்த்து எடுத்துக்கொள்வார். வாங்குபவர் தன் புதுக் கயிற்றைப் போட வேண்டும். அதற்காகவே சந்தை வாசலில் மூக்கணாங்கயிறு, கழுத்துக் கயிறு, மணி விற்கும் கடைகள் இருக்கின்றன. கயிற்றோடு கொடுத்தால் வீட்டு லட்சுமியும் போய்விடும் என்பார்கள். புதுக் கயிறு வாங்கி வைக்காமல் பேரத்தில் இறங்கினால், பணம் கொடுத்த பிறகு மாட்டைப் பிடித்தபடி கயிற்றுக்கு ஆள் அனுப்ப வேண்டிவரும். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், சந்தைக்குப் புதுசு என்று தெரிந்துவிடும், அடுத்த மாட்டின் விலை ஏறும்.

புதன், திருச்சி வழி

நாள் முழுக்கப் பயணம். பக்கத்து இருக்கைகளில் போன் பேச்சுகள்.

ஹார்வி சாக்ஸ் என்ற அமெரிக்கர் 1960-களில் லாஸ் ஏஞ்சல்ஸ் தற்கொலைத் தடுப்பு மையத்துக்கு வந்த தொலைபேசி அழைப்புகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டுக் கேட்டுத்தான் உரையாடல் ஆய்வு என்ற துறையையே தொடங்கினார். அவர் கண்டவற்றில் மிக எளியது: சில பேச்சுகள் ஜோடியாகவே வரும். கேள்வி வந்தால் பதில், வணக்கத்துக்கு வணக்கம், அழைப்புக்குச் சம்மதமோ மறுப்போ. முதல் பாதி விழுந்துவிட்டால் இரண்டாம் பாதிக்கு ஒரு காலி இடம் தானாகத் திறக்கிறது. அங்கே மௌனம் வந்தால் அந்த மௌனமும் பேச்சாகிவிடும். எவ்வளவு மௌனம்? 2009-ல் பத்து மொழிகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வு, ஆம்-இல்லை கேள்விக்குப் பதில் சராசரியாக ஒரு நொடியில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு நேரத்தில் வந்துவிடுகிறது என்று அளந்தது. தமிழ் அந்தப் பத்தில் இல்லை. ஆனால் “கல்யாணத்துக்கு வருவீங்கள்ல?” என்று கேட்டு மறுமுனையில் ஒரு நொடி சத்தமில்லாமல் போனால், வரமாட்டார் என்பது நமக்கும் தெரிந்துவிடுகிறது.

போனை வைப்பதற்கும் படிகள் உண்டு. “சரி…” என்று ஒருவர் இழுக்க, “அப்புறம்?” என்று மற்றவர் கேட்க, “வேற ஒண்ணுமில்ல” என்று இவர் சொல்ல, “அம்மாவக் கேட்டதாச் சொல்லு”, “சரி வச்சிரட்டா?”, “வச்சிரு.” புதிய சேதி இருந்தால் “அப்புறம்?” என்ற இடத்தில் நுழைக்க வேண்டும். “வச்சிரட்டா”வுக்குப் பிறகு நுழைத்தால் ‘இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் பேசினாயா’ என்றாகிவிடும். கடன் கேட்பவர்கள் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் கேட்கிறார்கள்.

வியாழன், கீரமங்கலம் – பேராவூரணி

ஆடியில் கல்யாணம் இல்லை. மண்டபம் காலி, பந்தல்காரர் காலி, சமையல்காரர் காலி. புதுக்கோட்டை மாவட்டத்தின் கீரமங்கலம், வடகாடு பக்கமும் தஞ்சாவூர் மாவட்டத்தின் பேராவூரணிப் பக்கமும் மொய் விருந்து நடக்கும் காலம் இதுதான். கல்யாணமோ காதுகுத்தோ எதுவும் இல்லாமல், மொய் வாங்குவதற்காகவே விருந்து.

தனியாக ஒருவர் நடத்துவதைவிடப் பலர் கூட்டுச் சேர்ந்து நடத்துவது அதிகம். பந்தல், கிடாய், அரிசி, சமையல் கூலி எல்லாம் பங்கு. ஊரெல்லாம் பத்திரிகை போகும், சாலையோரம் பெயர் வரிசையோடு பிளெக்ஸ். உள்ளே விருந்து நடத்தும் ஒவ்வொருவருக்கும் தனி மேசை, பெயர்ப் பலகை. மேசைக்கு ஒருவர் எழுத, ஒருவர் எண்ண, ஒருவர் வாங்கிப் போட. முன்பு நீள நோட்டு மட்டும், இப்போது பல இடங்களில் கணினி ரசீதும் நோட்டெண்ணும் இயந்திரமும். ஆனாலும் நோட்டை விடுவதில்லை. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, மஞ்சள் பொட்டு.

எழுதும் முறை: முதலில் ஊர், பிறகு தகப்பனார் பெயரின் முதலெழுத்தோடு பெயர், பிறகு தொகை. ஒரே ஊரில் ஒரே பெயரில் நாலைந்து பேர் இருப்பார்கள், அதனால் பட்டப்பெயரையோ தெருவையோ தொழிலையோ சேர்க்க வேண்டும். சண்டை வருவது பெரும்பாலும் தொகையில் அல்ல, இந்தப் பெயர்க் குழப்பத்தில். ஒருவர் போட்ட மொய் அதே பெயருள்ள இன்னொருவர் கணக்கில் ஏறினால், ஐந்து வருடம் கழித்து ஒருவருக்கு எதிர்பாராத வரவும் மற்றவருக்கு மனத்தாங்கலும். எழுதுபவர் எழுதியதைத் திரும்ப வாசிக்கும்வரை மேசையை விட்டு நகராதீர்கள்.

இனி கணக்கு. ஒரு வீட்டின் முறை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை வரும் என்பது பொதுவான வழக்கம். போன விருந்தில் உங்களுக்கு ஒருவர் ₹5,000 எழுதியிருந்தார். இப்போது அவர் விருந்து. கிளம்புமுன் பழைய நோட்டை எடுத்துப் பார்க்க வேண்டும், அது முதல் வேலை. ₹5,000 வாங்கியதைத் திருப்புவது, அதற்கு மேல் வைப்பது புதிது. ₹8,000 எழுதினால் ஐயாயிரம் அடைந்தது, மூவாயிரம் இப்போது அவர் மேல் நிற்கிறது. அவர் அடுத்த முறை அந்த மூவாயிரத்தைத் திருப்பி, மேலே தன் பங்குக்குப் புதிது வைப்பார். கணக்கு ஒருபோதும் சமமாவதில்லை, சமமாகாமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

சரியாக ₹5,000 மட்டும் எழுதினால்? வங்கியில் அது நாணயமான வாடிக்கையாளர் செய்யும் வேலை. இங்கே அதன் பொருள், ‘நமக்குள் கணக்கு முடிந்தது, இனிமேல் வேண்டாம்.’ எழுதுபவர் நோட்டிலிருந்து தலையைத் தூக்கிப் பார்ப்பார். உண்மையில் கையில் காசில்லாமல் அப்படிச் செய்பவர்கள் உண்டு. அவர்கள் எழுதியதோடு போய்விடக் கூடாது, விருந்து நடத்துபவரைத் தனியே பார்த்து “இந்த வருசம் தென்னை சரியில்ல மாமா, அடுத்ததுல பாத்துக்கலாம்” என்று சொல்லிவிட வேண்டும். அந்த ஒரு வாக்கியம் கணக்கைத் திறந்தே வைத்துவிடும். தொகை ஒன்றுதான், சொல்லிச் செய்தால் தாமதம், சொல்லாமல் செய்தால் முறிவு. ஊருக்கு வெளியே இருந்து வட்டியில்லாக் கடன் என்று மட்டும் இதைப் பார்ப்பவர்களுக்குப் புரியாத இடம் இதுதான். கடன் என்பது தீர்ந்தால் நிம்மதி, மொய் தீர்ந்தால் பகை.

வட்டியில்லை என்பதால் கிணறு வெட்டவும் வீடு கட்டவும் படிக்கவைக்கவும் இந்தப் பணம் உதவியிருக்கிறது. மறுபக்கமும் உண்டு. வாங்கியது ஒரே நாளில், திருப்புவது நூறு விருந்துகளில். ஒரே ஆடியில் முப்பது பத்திரிகை வந்து விழும். திருப்ப வழியில்லாமல் வட்டிக்கு வாங்கி மொய் எழுதுபவர்கள் இருக்கிறார்கள், அப்போது வட்டியில்லாக் கடனுக்கு வட்டி கட்டுவதாகிவிடுகிறது. 2018 நவம்பரில் கஜா புயல் இந்த வட்டாரத்துத் தென்னைகளைச் சாய்த்தது. வருமானம் சாய்ந்தது, அதோடு மொய்யும் சுருங்கியது. கன்று வைத்தால் காய்க்கப் பல வருடம் ஆகும் மரம், அதன் வருமானத்தை நம்பி எழுதிய கணக்குகள்.

மதுரை, உசிலம்பட்டிப் பக்கம் இதையே செய்முறை என்பார்கள், மைக்கில் வாசிப்பார்கள். தாய்மாமன் மொய் முதலில். அங்கே ஒலிபெருக்கி செய்யும் வேலையை இங்கே நோட்டு செய்கிறது.

வெளியூர் ஆளாகப் போனால் சாப்பிட்டுவிட்டு எழுதாமல் வரலாமா? வரலாம், யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் ₹101 எழுதினால் நோட்டில் ஓர் ஊர் கூடும். எழுதுபவர் அதைச் சந்தோஷமாக எழுதுவார். ஒற்றை ரூபாய் எதற்கு என்றால், மீதமில்லாமல் பிரிபடும் தொகை வேண்டாம் என்பதற்கு.

வெள்ளி, பேராவூரணியிலிருந்து தெற்கே

பந்தல் போட்டு, சாலையோரம் பிளாஸ்டிக் நாற்காலி வரிசை. முந்தைய நாள் பார்த்த பந்தலுக்கும் இதற்கும் தூரத்தில் வித்தியாசம் தெரியாது. பிளெக்ஸில் ‘கண்ணீர் அஞ்சலி’ என்று இருக்கும். அறிமுகமானவர் வீடு என்றால் நின்று போக வேண்டும்.

துக்க வீட்டில் “வாங்க” என்று யாரும் சொல்ல மாட்டார்கள், எதிர்பார்க்கவும் கூடாது. வெளியே ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். தென்மாவட்டங்களில் அந்த வரிசையில் ஒவ்வொருவர் முன்னும் இரு கையையும் நீட்டித் தொட்டுக்கொண்டே போக வேண்டும், பேசத் தேவையில்லை. முடித்து உட்கார்ந்த பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் மெதுவாக, “எப்படி?”

அதற்குப் பிறகு நடப்பதைக் கவனியுங்கள். மகனோ மருமகளோ சொல்வார்: ராத்திரி ரெண்டு இட்லி சாப்பிட்டார், பேரனைக் கேட்டார், நாலு மணிக்கு நெஞ்சைப் பிடித்தார். அடுத்த கூட்டம் வரும், மறுபடி முதலிலிருந்து. காலையில் குழறலாக, முன்பின் மாறி வந்த சேதி மதியத்துக்குள் ஒழுங்கான கதையாகிவிடுகிறது. எது விடுபட வேண்டும், எது இருக்க வேண்டும் என்பது கேட்பவர்களின் “ம்ம்” ஒலியில் தீர்மானமாகிறது. “பேரனைக் கேட்டார்” என்ற இடத்தில் ஒரு பெருமூச்சு வந்தால் அடுத்த முறை அந்த வரி நீளும். மருத்துவமனையில் நடந்த குளறுபடிக்கு யாரும் பதில் சொல்லாவிட்டால் அது மெல்ல உதிர்ந்துவிடும். ஆகவே வந்தவரின் வேலை ஆறுதல் சொல்வது அல்ல, கேட்பது. “போகட்டும், வயசாச்சு” என்பதை வீட்டுக்காரர் முதலில் சொன்னால் தலையாட்டலாம், நாம் தொடங்கக் கூடாது.

அந்த வீட்டில் அடுப்பு எரியாது. காபி அக்கம்பக்கத்திலிருந்தோ உறவுக்காரர் வீட்டிலிருந்தோ வரும். கிளம்பும்போது “போயிட்டு வர்றேன்” சொல்லக் கூடாது, எழுந்து போய்விட வேண்டும். மற்ற எல்லா வீட்டிலும் சொல்லாமல் போனால் குற்றம், இங்கே சொன்னால் குற்றம். வாய் தவறிச் சொல்லிவிட்டால் திருத்திப் பேச முயலாதீர்கள், அதைக் கேட்காததுபோல் விட்டுவிட அங்கே எல்லாருக்கும் தெரியும்.

சனி, சேரன்மாதேவி

திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் சாலையில் மேற்கே, அல்லது செங்கோட்டை ரயிலில். பந்தியைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான ஊர் இல்லை.

விடுதலைப் போராட்ட வீரர் வ.வே.சு. ஐயர் இங்கே நடத்திய குருகுலத்துக்குக் காங்கிரஸ் பணமும் பொதுமக்கள் நன்கொடையும் வந்தன. பிராமணப் பையன்கள் இருவருக்குத் தனியாகச் சாப்பாடு போட்டார்கள் என்பது 1924, 25-ல் மாகாணத்தையே உலுக்கிய விவகாரமானது. அப்போது காங்கிரசில் இருந்த வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கடுமையாக எதிர்த்தார்கள். ஐயர் தரப்பில், பெற்றோருக்குக் கொடுத்த வாக்கு என்றார்கள். எதிர்த்தவர்கள் கேட்டது, அந்த இருவர் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்பதை மற்றப் பையன்கள் தினமும் பார்த்தார்களே, அவர்கள் அதிலிருந்து என்ன கற்பார்கள் என்பதுதான். சோறு எல்லாருக்கும் சோறுதான், எங்கே உட்கார்த்தி வைக்கிறார்கள் என்பது பாடம். 1925 ஜூனில் ஐயர் பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்றப் போய் மூழ்கினார். அந்த ஆண்டு நவம்பரில் காஞ்சிபுரம் காங்கிரஸ் மாநாட்டில், சாதி வகுப்புகளுக்குரிய பங்கைக் கேட்ட வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் மறுக்கப்பட்டதும், பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறினார். அதற்கு முன்பே விரிசல் இங்கே விழுந்துவிட்டது.

இன்றைய மண்டபப் பந்தியின் நடைமுறை: நுனி இலை சாப்பிடுபவரின் இடப்பக்கம். தண்ணீர் தெளித்துத் துடைத்த பிறகுதான் உப்பு விழும். பரிமாறுபவரை நிறுத்த வாய் வேண்டாம், இலைக்கு மேல் கையைக் குறுக்கே வைத்தால் போதும். ஆனால் வீட்டுக்காரர் தானே கரண்டியோடு வந்தால் ஒருமுறையாவது விட்டுக்கொடுக்க வேண்டும். பக்கத்தில் மூத்தவர் எழும்முன் எழக் கூடாது. விருந்தில் இலையைத் தன் பக்கமாக மடிப்பது வழக்கம், எதிர்ப்பக்கம் மடிப்பது துக்க வீட்டுக்கு. அடுத்த பந்திக்கு இடம்பிடிப்பவர் நாற்காலி முதுகைப் பிடித்து நிற்பார். ரசத்துக்கு வந்திருப்பவர் பின்னால் நில்லுங்கள், சாம்பாரில் இருப்பவர் பின்னால் நின்றால் கால் வலிக்கும்.

இந்தப் பக்கம் அறிமுகமில்லாதவரை “அண்ணாச்சி” என்றால் தப்பில்லை. பேச்சு தொடங்கியதும் கேள்விகள் ஒரு வரிசையில் வரும்: எந்த ஊர், அங்கே எந்தப் பக்கம், எந்தத் தெரு, இன்னாரைத் தெரியுமா. முதல் இரண்டு நட்புக்கு. மூன்றாவதில் பெரும்பாலும் சாதி தேடப்படுகிறது. கேட்பவரும் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை, பதில் சொல்பவரும் சொல்வதில்லை, ஆனால் தெருப் பெயர் விழுந்ததும் பேச்சின் குரல் மாறும். மாறாமலும் இருக்கலாம், அது அவர் யார் என்பதைச் சொல்லும். சொல்ல விருப்பமில்லை என்றால் “உங்களுக்கு எதுக்கு?” வேண்டாம், அது சண்டை. “பஸ் ஸ்டாண்டு பக்கம்தான் அண்ணாச்சி” என்று தெருவை ஒரு வட்டாரமாக அகலப்படுத்திவிடுங்கள். விடாமல் “அதான், எந்தத் தெருன்னு…” என்று இழுத்தால், அவருக்கே ஒரு கேள்வியைப் போட்டுவிடுங்கள்: “செங்கோட்டை வண்டி இங்க எத்தனை மணிக்கு?” நேரம் தெரிந்த உள்ளூர்க்காரரால் அதற்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாது.